பின்பனி போய் இளவேனில் வரும் வாசனை: சொந்தமாக ஒரு க்ரீன் ஃப்ளோரல் பெர்ஃப்யூம் செய்து சட்டப்படி விற்பது எப்படி

மாசி கடைசியில் எங்கள் தெருப் புங்க மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு, அடுத்த சில நாளிலேயே பளபளவென்று இளம்பச்சையாகத் தளிர்த்து நிற்கும். அதே சமயத்தில்தான் மல்லி வரத்தும் ஏற ஆரம்பிக்கும். விடியற்காலையில் இன்னும் கொஞ்சம் பனி, ஒன்பது மணிக்கே வெயில். அந்தப் பத்துப் பதினைந்து நாள் வாசனையை ஒரு பாட்டிலில் கொண்டுவர வேண்டும் என்றுதான் நான் இதில் இறங்கினேன். முன்னால் இலை, நடுவில் பூ, அடியில் கொஞ்சம் வேர் என்று வருகிற இந்த வகையைத் தொழிலில் க்ரீன் ஃப்ளோரல் என்பார்கள்.

முதல் பாட்டில் கடைக்குப் போக எனக்கு இருபது மாதம் ஆனது. அதில் எட்டு மாதம் முழுக்க வீண். வாசனையைத் தேடி அலைந்ததில் போனது கொஞ்சம்தான். காகிதத்தைத் தப்பான வரிசையில் செய்ததால் போனதுதான் அதிகம். பூவுக்கு ஒரு காலண்டர் இருக்கிறது, அலுவலகங்களுக்கு ஒரு காலண்டர் இருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் தொடங்கி இணையாக ஓட்டினால் ஒன்பது, பத்து மாதத்தில் முடித்துவிடலாம். நான் அப்படிச் செய்யவில்லை. நீங்கள் செய்யுங்கள். கீழே எழுதியிருப்பது தமிழ்நாட்டிலிருந்து சிறிய அளவில், அதாவது ஐந்நூறு பாட்டில் கணக்கில், தொடங்குபவர்களுக்கு.

1. யார் தயாரிக்கப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வாசனையைக் கலக்க உட்காரும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். இந்தியாவில் பெர்ஃப்யூம் என்பது சட்டப்படி அழகுசாதனப் பொருள். விற்பனைக்காக அதைத் தயாரிக்க 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். "நான் வீட்டில் கையால்தான் செய்கிறேன், பத்துப் பாட்டில்தான்" என்பதற்கெல்லாம் விலக்கு கிடையாது. ஸ்பிரிட் (எத்தனால் என்ற ஆல்கஹால்) இல்லாத, எண்ணெயில் கலந்த அத்தர் வகைக்கும் இதேதான். புதிதாக வருகிற பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கண்காட்சியில் ஸ்டால் போட்டு விற்றுக்கொண்டிருக்கும்போது யாராவது உரிம எண் எங்கே என்று கேட்கும் வரை இது தெரிவதே இல்லை.

அதே சமயம், அழகுசாதனப் பொருளை வெறுமனே விற்பதற்குத் தனி மருந்துத்துறை உரிமம் தேவையில்லை. அதனால் மூன்று வழிகள் வருகின்றன.

முதலாவது, சொந்தத் தயாரிப்புக் கூடம். சிஓஎஸ்-5 படிவத்தில் விண்ணப்பித்து சிஓஎஸ்-8 உரிமம் வாங்க வேண்டும். தனி இடம், கலக்கும் தொட்டி, வடிகட்டி, நிரப்பி மூடும் கருவி, முழுநேரத் தொழில்நுட்ப ஆள் (டிப்ளமோ ஃபார்மசி படித்தவர் போல) எல்லாம் இருந்தால்தான் ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். முதல் ஐந்நூறு பாட்டிலுக்கு இது வேண்டாம்.

இரண்டாவது லோன் லைசென்ஸ். உரிமமுள்ள வேறொருவரின் கூடத்தைப் பயன்படுத்தி, உங்கள் பெயரிலேயே உரிமம் எடுப்பது. சிஓஎஸ்-6இல் விண்ணப்பம், சிஓஎஸ்-9ஆக உரிமம். வாங்கிவிட்டால் காலாவதி என்று ஒன்று இல்லை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் கட்டிக்கொண்டே போகலாம். இரண்டாவது, மூன்றாவது வாசனை என்று வளரும்போது இது நல்ல வழி.

மூன்றாவது, தேர்ட் பார்ட்டி தயாரிப்பு. உரிமம் அவர்களுடையது, ஃபார்முலாவும் பிராண்டும் உங்களுடையது. பெட்டியில் "தயாரித்தவர்" என்று அவர்கள் பெயரும் "சந்தைப்படுத்துபவர்" என்று உங்கள் பெயரும் வரும். முதல் முறைக்கு இதைத்தான் நான் சொல்வேன், காரணம் ஸ்பிரிட். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

2. எந்தப் பருவம் என்று ஒரு வரி எழுதுங்கள்

"இயற்கை", "புத்துணர்ச்சி" என்றெல்லாம் எழுதினால் அதை வைத்துக் கலக்க முடியாது. நம்மிடம் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுது இருக்கிறது, ஒவ்வொன்றும் இரண்டு மாதம். எந்த இரண்டுக்கு நடுவே நிற்கிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டால் பாதிப் பொருட்கள் தானாக விலகிவிடும். கார்காலத்துக்கு மாறுகிற வாசனை என்றால் மண்வாசனை வேண்டும். அதற்கு ஜியோஸ்மின் என்ற பொருள் இருக்கிறது, கன்னோஜில் வடிக்கும் மிட்டி அத்தரும் இருக்கிறது. எனக்கு வேண்டியது பின்பனி முடிவு, இளவேனில் தொடக்கம். நான் எழுதி மேசையில் ஒட்டியது: "பங்குனி, காலை ஆறரை, தளிர், ஈரம், இன்னும் விரியாத மல்லி." அந்த "இன்னும் விரியாத" என்ற சொல் பின்னால் என்னை நிறையக் காப்பாற்றியது, ஏனென்றால் விரிந்து முற்றிய மல்லியின் கனமான இனிப்பு வந்தபோதெல்லாம் இது என்னுடையதில்லை என்று உடனே தெரிந்தது.

3. மேசைக்கு வாங்க வேண்டியவை

0.001 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, கண்ணாடிப் பீக்கர், துளிக்குழாய், அடர்நிறக் கண்ணாடிப் புட்டிகள், மோந்து பார்க்கும் காகிதப் பட்டை, ஒரு தடித்த நோட்டு. துளிக் கணக்கில் கலக்காதீர்கள். ஒரு பொருளின் துளியும் இன்னொன்றின் துளியும் ஒரே எடை இருக்காது, ஐந்நூறு பாட்டிலுக்கு மாற்றும்போது கணக்கு உதைக்கும். எல்லாம் எடையில்தான். வீரியமான பொருட்களை முதல் நாளே பத்து சதவீதமாகக் கரைத்து வைத்துவிடுங்கள்.

கரைப்பதற்கு வீட்டில் ஸ்பிரிட் வேண்டாம், டிபிஜி எனப்படும் டைபுரோபிலீன் கிளைக்கால் போதும். ஒரே குறை, அதில் பச்சை வாசனை கொஞ்சம் மந்தமாகத்தான் எழும்பும். அதனால் டிபிஜியில் பார்த்துவிட்டுப் பச்சை போதவில்லை என்று மேலும் மேலும் ஊற்றாதீர்கள். கடைசித் திருத்தங்களைத் தயாரிப்பாளரின் ஆய்வகத்தில் ஸ்பிரிட்டில் கலந்து பாருங்கள்.

கருவிகளும் இருபது வகை மூலப்பொருளும் சேர்த்து எனக்கு ₹26,000 ஆனது. அதில் பத்து கிராம் மல்லி அப்சல்யூட் (பூவிலிருந்து எடுக்கும் செறிந்த வாசனைச் சாறு) மட்டும் ₹4,200.

4. பச்சையை எப்படி நிறுத்துவது

இதில்தான் நான் அதிக நாள் உட்கார்ந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புல் வெட்டினால் வருகிற வாசனை சிஸ்-3-ஹெக்ஸெனால். பட்டையில் தொட்ட நொடியில் கண் திறக்கிற மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். கல்பனம் என்பது ஈரானில் விளையும் ஒரு செடியின் பிசின், கசப்பான ஆழ்ந்த பச்சை, சற்று அதிகமானாலும் பச்சைப் பட்டாணித் தோல் மாதிரி ஆகிவிடும். டிரிப்லால் கூர்மையான பச்சை. வயலட் இலை அப்சல்யூட் வெள்ளரிக்காய் போல ஈரமாக இருக்கும், விலை அதிகம்.

இவை எல்லாமே முன்வரிசை, அதாவது முதலில் எழும்பி முதலில் போகிறவை. பச்சை முதல் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோய், அப்புறம் வெறும் மல்லிதான் மிச்சம் என்றால் அது பருவம் மாறுகிற வாசனை இல்லை, இரண்டு தனி வாசனைகள். நடுவில் ஒரு பாலம் வேண்டும். எனக்கு அந்தப் பாலமாக அமைந்தது சிஸ்-3-ஹெக்ஸெனில் சாலிசிலேட். இலையும் இருக்கும், பூவும் இருக்கும், மணிக்கணக்கில் நிற்கும். அதன்கூட ஹெடியோன், 1966இல் வந்த ஓ சோவாஜ் வாசனையில் முதலில் பெயர் பெற்ற பொருள், தனியாக மோந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, கலவையில் போட்டால் மல்லியைச் சுற்றிக் காற்று விட்ட மாதிரி இருக்கும். முற்றிய மல்லியை மொட்டு மல்லியாக மாற்றியது இதுதான்.

நீங்கள் தொடங்கிப் பார்க்க நூறு பங்குக்கு ஒரு எலும்புக்கூடு தருகிறேன். ஹெடியோன் 32, ஹெக்ஸெனில் சாலிசிலேட் 12, எத்திலீன் பிராசிலேட் என்ற கஸ்தூரி வகைப் பொருள் 12, லினலூல் 10, பெர்கமோட் எண்ணெய் 9, ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் 8, பென்சில் அசிடேட் 7, மல்லி அப்சல்யூட் 3, வெட்டிவேர் எண்ணெய் 3, பத்து சதவீதக் கரைசலாக ஹெக்ஸெனால் 2, அதே மாதிரி கல்பனம் 1.5, மரிக்கொழுந்து எண்ணெய் 0.5. பெர்கமோட் வாங்கும்போது பெர்காப்டீன் நீக்கியதைத்தான் வாங்க வேண்டும். நீக்காதது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் புண்ணாக்கும், நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். மரிக்கொழுந்தைக் கூட்ட ஆசை வரும், எனக்கும் வந்தது. ஒரு பங்கைத் தாண்டினால் அது மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டுப் பழச்சாறு மாதிரி முன்னால் வந்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. என் பதினாறாவது கலவையில் டிரிப்லால் சேர்த்திருந்தேன். கலந்த அன்று வெளிர் வைக்கோல் நிறம். பீரோவில் வைத்துவிட்டு மூன்று வாரம் கழித்து எடுத்தால் கட்டங்காப்பி நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, பச்சையும் மழுங்கியிருந்தது. பாட்டில்தான் சரியில்லை என்று நினைத்து மறுபடி கலந்து இன்னொரு மூன்று வாரம் வீணாக்கினேன். காரணம் இதுதான்: குண்டுமல்லி அப்சல்யூட்டில் மெத்தில் ஆந்திரானிலேட் இருக்கிறது, டிரிப்லால் ஒரு ஆல்டிஹைடு, இரண்டும் சேர்ந்தால் ஷிஃப் பேஸ் என்ற புதுப் பொருள் உருவாகி நிறம் கருக்கும். கண்ணாடிப் பாட்டிலில் விற்கப் போகிறீர்கள், வெள்ளைச் சட்டையில் அடிக்கப் போகிறார்கள். மல்லி இருக்கிற கலவையில் ஆல்டிஹைடு வகையைச் சேர்க்கும் முன், சின்னப் புட்டியில் கலந்து ஆறு வாரம் வெளிச்சம் படாமல் ஒன்று, ஜன்னலோரம் ஒன்று என்று வைத்துப் பாருங்கள்.

மூன்று மாதத்தில் முப்பது கலவை தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முடிவே வராது.

5. மல்லியை எப்போது, எப்படி வாங்குவது

பூவாக வாங்கி வீட்டில் எண்ணெயில் ஊறவைத்தால் பெர்ஃப்யூம் வராது, இதை முதலிலேயே விட்டுவிடுங்கள். அப்சல்யூட்டுக்கு மல்லியை நீராவியில் வடிப்பதும் இல்லை. ஹெக்ஸேன் போன்ற கரைப்பானில் மெழுகுபோல கான்கிரீட் எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவி அப்சல்யூட் ஆக்குவார்கள். தமிழ்நாட்டிலேயே இதற்கு ஆலைகள் இருக்கின்றன. குண்டுமல்லி, ஜாதிமல்லி எனப்படும் பிச்சி இரண்டின் அப்சல்யூட்டும் இங்கிருந்து உலகம் முழுக்கப் போகின்றன. பச்சையோடு சேர்வது குண்டுமல்லி. ஜாதிமல்லி இன்னும் பழுத்த வாசனை.

விலை பருவத்தைப் பொறுத்தது. பங்குனி முதல் ஆனி வரை குண்டுமல்லி வரத்து அதிகம், ஆலைகள் அப்போதுதான் நிறையப் பூ எடுக்கும். மார்கழி, தையில் பனியில் மொட்டு பிடிக்காது, பொங்கலும் முகூர்த்தமும் சேர்ந்து மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ ஆயிரங்களில் போகும். நான் விவரம் தெரியாமல் தை மாதம் போய் அப்சல்யூட் விலை கேட்டேன், கையில் சரக்கே இல்லை என்றார்கள், அடுத்த பருவம் வரை மூன்று மாதம் சும்மா இருந்தேன். ஆனி, ஆடியில் புதுச் சரக்கு வந்ததும் முழுத் தேவையையும் வாங்கிக் குளிர்ந்த இடத்தில் காற்றுப் புகாமல் வைத்துவிடுங்கள்.

எவ்வளவு வேண்டும்? ஐம்பது மில்லி பாட்டில் ஐந்நூறு என்றால் 25 லிட்டர், எடையில் சுமார் இருபதரை கிலோ. பதினைந்து சதவீதச் செறிவு என்றால் வாசனைக் கலவை மூன்று கிலோவுக்குச் சற்று மேல். அதில் மூன்று பங்கு மல்லி என்றால் 92 கிராம், சிந்தல் சேதாரத்துக்கு 100 கிராம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைகளில் "மல்லி எண்ணெய், சுத்த இயற்கை, 100 மில்லி ₹300" என்று கிடைப்பது செயற்கை வாசனை எண்ணெய். அது கெட்ட பொருள் என்று சொல்ல வரவில்லை, அதை அப்சல்யூட் என்று நம்பிப் பெட்டியில் அச்சடித்தால் பொய் சொன்னதாகிவிடும்.

ஒவ்வொரு பொருளுக்கும் நாலு காகிதம் கேட்டு வாங்குங்கள்: பில், அந்தப் பேட்சுக்கான பகுப்பாய்வுச் சான்று, பாதுகாப்புத் தரவுத்தாள், இஃப்ரா சான்று. இஃப்ரா என்பது எந்த வாசனைப் பொருளை எந்த வகைத் தயாரிப்பில் எவ்வளவு வரை போடலாம் என்று வரம்பு சொல்லும் சர்வதேச அமைப்பு. தோலில் அடிக்கும் பெர்ஃப்யூம் அதில் 4ஆம் பிரிவு. சான்றில் இஃப்ரா விதியின் எந்தத் திருத்தத்தின்படி என்று பாருங்கள், இப்போது நடப்பில் உள்ளதாக இருக்க வேண்டும். பழைய தாளைக் கொடுத்தால் புதியது கேளுங்கள். இந்தக் காகிதங்கள் இல்லாமல் நல்ல தயாரிப்பாளர் யாரும் உங்கள் ஃபார்முலாவைத் தொடமாட்டார்.

6. ஸ்பிரிட்டை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்

தமிழ்நாட்டில் ஸ்பிரிட் வாங்கவும் வைத்திருக்கவும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைகள் இன்னும் கடுமையாகிவிட்டன. யாரோ தெரிந்தவர் இருபது லிட்டர் கேன் தருகிறார் என்றால் வேண்டாம். அது என்ன என்று உங்களுக்குத் தெரியாது. மெத்தனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும், கண்ணைப் பறிக்கும். வார்னிஷ் கடை ஸ்பிரிட், ஆஸ்பத்திரி ஸ்பிரிட் எதுவும் பெர்ஃப்யூமுக்கு ஆகாது. தேர்ட் பார்ட்டி வழியில் ஸ்பிரிட்டின் அனுமதி, கணக்கு எல்லாம் தயாரிப்பாளர் பொறுப்பு. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்தத் தர எத்தனால், குடிக்க முடியாதபடி எதைக் கலந்து இயல்பு மாற்றியது, அதன் பகுப்பாய்வுச் சான்று எங்கே.

7. வாசனை தொடங்கிய அதே வாரம் தொடங்க வேண்டிய காகிதங்கள்

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு): ஆதார், பான் போதும், கட்டணம் இல்லை, ஒரே நாளில் முடியும். யாராவது இதற்கு இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஜிஎஸ்டி: இதற்கும் அரசுக் கட்டணம் இல்லை. பான், ஆதார், போட்டோ, வங்கி விவரம், இட ஆதாரம். வீடு உங்கள் பெயரில் இல்லை என்றால் இங்கேதான் இழுக்கும். வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம், அவர் பெயரில் இருக்கும் ஈபி பில் அல்லது சொத்துவரி ரசீது மூன்றிலும் கதவு எண் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் ஈபி பில்லில் பழைய எண், ஒப்பந்தத்தில் புதிய எண். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்து மூன்று வாரம் போனது. பெர்ஃப்யூமுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், எச்எஸ்என் எனப்படும் பொருள் குறியீடு 3303. பதிவு செய்துவிட்டு மூலப்பொருள் வாங்குங்கள், பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருந்தால்தான் கட்டிய வரியைச் சிரமமில்லாமல் கழிக்க முடியும்.

டிரேட்மார்க்: பெர்ஃப்யூம் 3ஆம் வகுப்பு. இணையத்தில் விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ₹4,500, மற்றவர்களுக்கு ₹9,000. விண்ணப்பிக்கும் முன் அதே தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள், உச்சரிப்பு ஒத்துப்போகிற பெயர்களையும் சேர்த்து. "மல்லி", "தளிர்" போல பொருளையே சொல்கிற பெயரை மட்டும் வைத்தால் ஆட்சேபம் வரும். ஏற்றுக்கொண்டு டிரேட்மார்க் இதழில் வெளியிட்ட பிறகு நான்கு மாதம் மற்றவர்கள் எதிர்ப்புச் சொல்ல அவகாசம் உண்டு, ஆகவே சான்று கைக்கு வர ஒரு வருடமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக விற்பனையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. விண்ணப்பித்த நாள் முதல் டிஎம் குறி போடலாம். வட்டத்துக்குள் ஆர் குறியை மட்டும் பதிவாகும் வரை போடக்கூடாது, அது குற்றம்.

அப்புறம் "மதுரை மல்லி" என்ற பெயர். 2013இலிருந்து அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பெட்டியில் அதைப் பெரிதாகப் போட எல்லோருக்கும் ஆசை வரும். வழக்கறிஞரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

8. தயாரிப்பாளரிடம் கையெழுத்துப் போடும் முன்

என் எட்டு மாதத்தில் ஐந்து மாதம் போனது இங்கே. உரிமம் இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்று கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய தாளைக் காட்டினார்கள், உண்மையான உரிமம்தான். முன்பணம் கட்டினேன், பாட்டில் வந்து இறங்கியது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த உரிமத்தில் இருந்த பொருட்கள் ஷாம்பூவும் சோப்பும் மட்டும். பெர்ஃப்யூம் சேர்க்க அவர்கள் கூடுதல் அனுமதிக்குப் போட்டார்கள், அது வரும் வரை என் பாட்டில்கள் அவர்கள் கிடங்கில் தூசி பிடித்துக் கிடந்தன.

அதனால் உரிமத்தின் முதல் பக்கத்தோடு நிற்காதீர்கள். பொருள் பட்டியல் இணைப்பைக் கேட்டு, பெர்ஃப்யூம் என்ற சொல்லை உங்கள் கண்ணால் பாருங்கள், நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் ஃபார்முலா உங்களுடையது என்பதும் வேறு யாருக்கும் தரக்கூடாது என்பதும், நீங்கள் கொடுத்த மல்லியைத்தான் போட வேண்டும் என்பதும், ஒவ்வொரு பேட்சிலும் மூன்று பாட்டில் மாதிரி எடுத்து வைக்க வேண்டும் என்பதும், பேட்ச் பதிவேட்டின் நகல் தர வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். குறைந்தபட்ச அளவைப் பேசுங்கள். ஆயிரம் என்று ஆரம்பிப்பார்கள், பாட்டிலையும் பெட்டியையும் நீங்களே கொண்டுவருவதாகச் சொன்னால் ஐந்நூறுக்கு இறங்குபவர்கள் உண்டு.

கலந்தவுடன் நிரப்ப விடாதீர்கள். ஸ்பிரிட்டில் நாலு முதல் ஆறு வாரம் ஊற வேண்டும், அதன்பின் குளிரவைத்து வடிகட்ட வேண்டும். அப்சல்யூட்டில் மிச்சமிருக்கும் மெழுகு அப்போதுதான் பிரிந்து வரும். அவசரப்பட்டு நிரப்பினால் ஏசி அறையில் வைத்த பாட்டிலில் மேகம் மாதிரி மிதக்கும்.

9. லேபிள்

அச்சுக்குப் போகும் முன் இரண்டு சட்டங்களைப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். அழகுசாதன விதிகளுக்காக: பொருளின் பெயர், தயாரிப்பவரின் பெயரும் தயாரிப்பிடத்தின் முழு முகவரியும், உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, நிகர அளவு, அதிகம் உள்ளது முதலாக மூலப்பொருள் பட்டியல், எரியக்கூடியது என்ற எச்சரிக்கை. சட்டமுறை எடையளவு விதிகளுக்காக: வரிகள் உட்பட எம்ஆர்பி, ஒரு மில்லிக்கு எவ்வளவு என்ற அலகு விலை, தயாரித்த மாதமும் வருடமும், வாடிக்கையாளர் புகாருக்கான தொலைபேசி, மின்னஞ்சல். பாக்கெட் செய்பவர் பதிவு என்று ஒன்று இருக்கிறது, கட்டணம் ₹500, பாக்கெட் செய்யத் தொடங்கிய 90 நாளுக்குள். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. தயாரிப்பாளர் ஏற்கெனவே எடுத்திருக்கிறாரா, உங்கள் பெயரிலும் வேண்டுமா என்று அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

நான் தயாரிப்பாளர் முடிவாவதற்கு முன்பே ஆயிரம் பெட்டி அச்சடித்துவிட்டேன். உரிம எண்ணுக்கு இடமே விடவில்லை, பிராண்டுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் வேறு. ₹18,000 பழைய பேப்பர்காரருக்குப் போனது. ஒப்பந்தம் கையெழுத்தாகி, உரிம எண் கையில் வந்த பிறகுதான் பெட்டி. பேட்ச் எண், தேதி, விலைக்கு வெற்றிடம் விட்டு அடியுங்கள், நிரப்பும்போது அச்சிட்டுக்கொள்ளலாம்.

"மன அழுத்தம் நீக்கும்", "தலைவலி போக்கும்" என்று ஒரு வரிகூட வேண்டாம். அப்படி எழுதினால் அது மருந்து என்று கணக்காகி வேறு உரிமம் கேட்பார்கள்.

10. அனுப்புவது

பெர்ஃப்யூம் எரியும் திரவம், போக்குவரத்தில் அதற்கான ஆபத்துச் சரக்கு எண் யுஎன் 1266, 3ஆம் வகுப்பு. அஞ்சலில் எரியும் திரவம் அனுப்பத் தடை இருக்கிறது. தனியார் கூரியரில் தரைவழி மட்டும் கேட்டுப் பேசுங்கள். பார்சலில் "திரவம்" என்று மொட்டையாக எழுதி விமானத்தில் ஏற்ற முயன்றால் ஸ்கேனில் பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள், சில சமயம் திரும்பியும் வராது. சென்னையிலிருந்து டெல்லிக்குத் தரைவழியில் ஒரு வாரம் வரை ஆகலாம் என்று வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

11. பணமும் மாதமும்

எனக்கு ஆன செலவு, வீணானதை விட்டுவிட்டு, ஜிஎஸ்டி சேர்க்காமல்: மேசைக் கருவிகளும் முதல் மூலப்பொருட்களும் ₹26,000. மல்லி உட்பட வாசனைக் கலவை ₹45,000. ஸ்பிரிட் ₹8,000. பாட்டில், பம்ப், மூடி, பெட்டி ஒரு செட் ₹110 வீதம் ₹55,000. கலந்து நிரப்பும் கூலி பாட்டிலுக்கு ₹35 வீதம் ₹17,500. டிரேட்மார்க் ₹4,500. லேபிள் வடிவமைப்பு ₹12,000. நிலைத்தன்மைச் சோதனை (நாளானால் நிறமும் வாசனையும் மாறுகிறதா என்று பார்ப்பது) ₹9,000. பாக்கெட் செய்பவர் பதிவு ₹500. மொத்தம் ₹1,77,500, அதாவது பாட்டிலுக்கு ₹355. பாட்டில் மூடியில் மிச்சம் பிடிக்காதீர்கள், பம்ப் கசிந்தால் வாசனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பி வரும். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் பெட்டியில் பிடியுங்கள்.

மாதக் கணக்கை நம் மாதத்திலேயே சொல்கிறேன், பூவும் அதன்படிதானே வருகிறது. பங்குனியில் பாட்டில் வெளியே வர வேண்டும் என்றால் முந்தின ஆனியில் தொடங்குங்கள். ஆனி: உத்யம், ஜிஎஸ்டி, டிரேட்மார்க் விண்ணப்பம், தயாரிப்பாளர்களிடம் உரிம நகல் கேட்பது, மேசைக்குப் பத்து கிராம் மல்லி. ஆடி: மல்லிச் சரக்கு மொத்தமாக வாங்குவது. ஆடி முதல் புரட்டாசி வரை கலவை. ஐப்பசியில் ஒப்பந்தம், அவர்கள் ஆய்வகத்தில் ஸ்பிரிட் சோதனை. தீபாவளி வாரத்தில் யாரும் போன் எடுக்கமாட்டார்கள், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் நிலைத்தன்மைச் சோதனை, லேபிள் சரிபார்ப்பு, அச்சு. தையில் பொங்கல் முடிந்ததும் கலந்து ஊறவைத்தால் மாசிக் கடைசியில் வடிகட்டி நிரப்பலாம்.

நிரப்பும் அன்று நேரில் போய் நில்லுங்கள். முதல் பாட்டிலில் ஒன்றை எடுத்து, ஆய்வகத்தில் ஒப்புக்கொண்ட மாதிரியையும் எடுத்து, இரண்டு பட்டையில் தொட்டு, பட்டைகளின் பின்பக்கம் எண் எழுதி, வெளியே காற்றில் வந்து மோந்து பாருங்கள். ஐந்து நிமிடம், அரை மணி, இரண்டு மணி நேரம் என்று மூன்று தடவை. மூன்றிலும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் மீதியை நிரப்பச் சொல்லுங்கள்.